சிவப்பு அம்பு ஸ்டிக்கர்

மெஹ்ஜபின் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். ஓட்டை, கறை, தையல் பிசகு எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, அந்தப் பீஸை டேமேஜ் என்று தனியாகப் போட்டுவிடுவாள். அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் அவள் கணவன் ரஷீத்துக்கு அதில் பெருமைதான்.

வீட்டிலும் அதே கண் என்பதுதான் தொல்லை. ஆறு வயது மகள் மஹ்னூர் ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். ஒரு சாக்ஸைப் போட்டுவிட்டு, மற்றதை மறந்து பல்லி பார்க்கப் போய்விடுவாள். டாக்டர் ஏடிஹெச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்றார். பள்ளி வேன் வரும் நேரத்தில் அவளுக்கு அடி விழாத நாள் இல்லை. அடித்துவிட்டு மெஹ்ஜபின் கம்பெனி பாத்ரூமில் நின்று அழுவது ரஷீத்துக்குத் தெரியும்.

அதனால்தான் ராயபுரத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் பெற்றோர் வகுப்பில் அவள் சேர்ந்தாள்.

"கோளாறு புள்ளைக்கு, பாடம் உனக்கா?" என்று ரஷீத் சிரித்தான்.

"சிரிச்சுக்குங்க. இனி புள்ளை மேல கை வெக்கக் கூடாது. எனக்கு அது போதும்."

வகுப்பு நடத்தும் கலைமகள் மேடம் சொன்னதை அவனிடமும் ஒப்பித்தாள். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். குழந்தை சரியாகச் செய்த அந்த நிமிஷமே, எதற்கென்று சொல்லிப் பாராட்ட வேண்டும். சின்ன ஸ்டிக்கரும் ஒட்டலாம்.

மறுநாள் மஹ்னூர் பாலைச் சிந்தாமல் குடித்தாள். மெஹ்ஜபின் பையில் கிடந்த சிவப்பு அம்பை எடுத்து அவள் சட்டையில் ஒட்டினாள். லீவு நாட்களில் கம்பெனிக்கு வந்து, அம்மா எதற்கு அம்பு ஒட்டுவாள் என்று பார்த்திருந்த குழந்தை அவள். குனிந்து பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"நான் டேமேஜாம்மா?"

பிய்த்து எறிந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

மெஹ்ஜபின் கத்தப் போகிறாள் என்றுதான் ரஷீத் நினைத்தான். அவளோ தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

"அம்மா தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு. நீ சிந்தாம குடிச்சே. அது எனக்குப் புடிச்சுது. அதைத்தான் சொல்ல வந்தேன்."

அதோடு ஸ்டிக்கரை விட்டாள். வாயால் மட்டும் சொன்னாள். ஆரம்பத்தில் அது சூப்பர்வைசர் பேசுவதுபோல் இருந்தது. விடாமல் சொன்னாள்.

ஒரு காலை வேன் ஹார்ன் அடித்தது. மஹ்னூர் ஒற்றை சாக்ஸோடு ஆடிக்கொண்டிருந்தாள்.

"வேன் போகப்போவுது! ரெண்டு வெய்யி, தானா கெளம்புவா," என்றான் ரஷீத்.

மெஹ்ஜபின் கை மேலே போனது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கி, தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. மகள் முன்னால் மண்டியிட்டாள்.

"மஹ்னூர், அம்மாவைப் பாரு. சாக்ஸ்."

குழந்தை பார்த்தது. உட்கார்ந்து போட்டது.

"சொன்னதும் உக்காந்து போட்டே பாரு! இப்ப ஷூ."

மஹ்னூர் ஷூவையும் மாட்டி முடிப்பதற்குள் வேன் போயே விட்டது. ரஷீத் மெஹ்ஜபினின் கையையே பார்த்தான். ஓடுகிற கட்டிங் மெஷினை சுவிட்ச் தட்டி நிறுத்திவிடலாம். ஓங்கிய கையை இப்படி நிறுத்த முடியுமா? தன்னால் முடியாது என்று ரஷீத்துக்குத் தெரிந்தது.

பைக் சாவியை எடுத்தான். "வா, ஸ்கூலுக்கு நான் கொண்டுபோய் உடறேன்." பிறகு மகளின் காலைப் பார்த்துத் தடுமாறினான். "ஷூவை... நீயே போட்டுட்டே. நல்லாருக்குது கண்ணு."

மஹ்னூர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அத்தா, நீங்களும் கிளாஸ் போறீங்களா?"

"இந்த ஞாயித்துக்கிழமை போறேன்," என்றான்.