சரிந்து விரித்த கம்பளம்

தறிகள் நின்று எத்தனையோ வருஷமாகிவிட்ட அந்த மில்லில் தறிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. தூணுக்குத் தூண் ஒலிபெருக்கி மாட்டி, பழைய சத்தத்தைப் பதிவுசெய்து ஓடவிட்டிருந்தார்கள். இப்றாஹீம் வாயைத் திறந்தார். தடதடவென்று தறி அடித்தது. வாயை மூடிக்கொண்டார்.

பதுளை டவுனில் புடவைக் கடை வைத்திருப்பவர் அவர். எப்பேர்ப்பட்ட பெருநாள் கூட்டத்திலும் அவருடைய குரல் கடைசி ராக்கை வரை போகும். இங்கே பக்கத்தில் நிற்கும் மனிதரிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை. அந்த மனிதர் பண்டாரவளை ஸஹாப்தீன் ஹாஜியார், சம்பந்தி ஆகப் போகிறவர். ஆவாரா இல்லையா என்பது இன்னும் கேட்கப்படாத ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மகள் இஸ்ரா பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணக்கு ரீச்சர். போன தடவை வந்த சம்பந்தம் எல்லாம் முடிந்து, கல்யாணச் சாப்பாடு வரை பேசிய பிறகு, மாப்பிள்ளை வீட்டார் மருமகள் தோட்டத்து பஸ்ஸில் ஏறி இறங்குவது தங்களுக்குச் சரிவராது என்றார்கள். இஸ்ரா அழவில்லை. மறுநாள் விடிய அதே பஸ்ஸில் பாடசாலைக்குப் போனாள். அதைப் பார்த்த இப்றாஹீம், இந்த முறை முதலிலேயே கேட்டுவிட வேண்டும், அதுவும் மாப்பிள்ளையின் வாப்பா வாயாலேயே பதில் வர வேண்டும் என்று முடிவுகட்டித்தான் வந்திருந்தார்.

வந்த இடந்தான் வாய்க்கவில்லை. பழைய நெசவு மில்லைக் கலை வளாகமாக மாற்றியதில் மாப்பிள்ளை றுஷ்திக்குப் பெரிய பொறுப்பாம். வீட்டுக்கு வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும், இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பியது அவர்கள்தான். காமிலா உடனே தலையாட்டிவிட்டாள். கட்டிய மனைவியின் தலையாட்டலுக்கு மேல் அப்பீல் கிடையாது.

சாயம் தோய்க்கும் கூடத்தில் சத்தம் இல்லை, ஆனால் கும்மிருட்டு. சுவரில் ஏதோ படம் ஓடியது. இப்றாஹீம் தொண்டையைச் செருமியதும் ஒரு பெண் வந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். நூல் கிடங்கு தேத்தண்ணிக் கடையாகியிருந்தது. அங்கே காமிலாவும் இஸ்ராவும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களோடு ஒரு பக்கம் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, ஆண்களுக்குக் கிடைத்தது முதுகு சாய்க்க வழியில்லாத உயரமான முக்காலிகள். பாலில்லாத பிளேன்ரீ, பிடியில்லாத கறுப்புக் கோப்பையில் வந்து கையைச் சுட்டது. றுஷ்தி நின்று உபசரித்தானா என்றால் அதுவும் இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டத்துக்கு எதையோ காட்ட ஓடிக்கொண்டிருந்தான். ஸஹாப்தீனோ இயல்பிலேயே வாய் திறக்காத மனிதர். கறுப்புக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்றாஹீமுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. இவ்வளவு செலவழித்தவர்கள் ஒரு கதிரை வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா? ஆனால் மாப்பிள்ளை கட்டிய மாளிகையைப் பற்றி மாப்பிள்ளையின் வாப்பாவிடமே குறை சொல்வதா? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

பின்னேர அஸர் தொழுகைக்கு நேரமானது. அந்தக் காலத்தில் மில்லுக்குத் துணி எடுக்க வரும்போது பொயிலருக்குப் பின்னால் வேலையாட்களின் தொழுகை அறை இருந்தது அவருக்கு ஞாபகம். ஹாஜியாரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். வாசலில் ‘மௌன அறை’ என்று பலகை தொங்கியது. செருப்பைக் கழற்றவும், கதைக்க வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தது. உள்ளே சுவரில் வரிசையாகப் பழைய நூல்தண்டுகள். தரை நிறைய நெய்த கம்பளங்கள். அதையும் நேராக விரிக்கத் தெரியவில்லை, சுவருக்குக் கோணலாகச் சரித்துப் போட்டிருந்தார்கள்.

தொழுத இடத்தையும் பொம்மைக் கடை ஆக்கிவிட்டார்களே என்று மனம் வெந்தது. வெளியே, தொழுமுன் கைகால் கழுவி ஒளு எடுக்கும் பழைய குழாயைத் திருகினார். தண்ணீர் வந்தது. இந்த வளாகத்தில் ஒழுங்காக வேலை செய்த முதல் பொருள் அதுதான்.

சூரியனைப் பார்த்துத் தொழும் திசையான கிப்லாவைக் குறித்துக்கொண்டு நின்றார். கம்பளமும் அதே பக்கம்தான் சரிந்திருந்தது. வெறுப்பில் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை. ஹாஜியார் கைகாட்ட, இப்றாஹீமே முன்னால் நின்று தொழுவித்தார். நடுவில் இன்னொருவர் பின்னால் வந்து சேர்வது காலடியில் தெரிந்தது. கதவுப் பக்கம் கிசுகிசுப்பும் போன்களின் கிளிக் சத்தமும் கேட்டன. கடைசி ஸலாம் சொல்லி முடித்ததும் வாசலில் நின்ற கொழும்புக் கூட்டம் கைதட்டியது.

கைதட்டியது! இப்றாஹீம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அதுவரை பல்லைக் கடித்து அடக்கிவைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

“தொழுற இடத்தக் கண்காட்சியாக்க எந்த மடையனுக்குப் புத்தி வந்த? கம்பளத்தக் கூட நேரா விரிக்கத் தெரியாத மடையன்.”

“நான்தான் மாமா,” என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. மூன்றாவதாக வந்து சேர்ந்தவன் றுஷ்தி.

இஸ்ராவின் இரண்டாவது சம்பந்தத்தைத் தன் வாயாலேயே உடைத்தாகிவிட்டது என்று இப்றாஹீம் நினைத்தார்.

றுஷ்தி கோபப்படவில்லை. இந்த அறையைச் சாமான் விற்கிற கடையாக்கத்தான் மேலிடம் கேட்டதாம். தொழுகை அறை வேண்டும் என்றால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். கலை வேலை என்று மௌன அறைக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தானாம், உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம்.

“கம்பளம் கோணல் இல்ல மாமா. செவருதான் கோணல். கிப்லாவுக்கு நேராப் போட்டீக்கி. இங்க வேல செய்றவங்க எல்லாரும் இதுலதான் தொழுற.”

இப்றாஹீம் கம்பளத்தைப் பார்த்தார், குழாயை நினைத்தார். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. செய்யத் தெரிந்த ஒன்றைச் செய்தார். வந்த விஷயத்தைக் கேட்டார்.

“மகள் பூனாகலைக்குப் படிச்சிக் குடுக்கப் போறா. கல்யாணத்துக்குப் பொறகும் போவா. ஹாஜியார் என்ன செல்றீங்க?”

றுஷ்தி தனக்குச் சம்மதம் என்றான், அதை அவளிடமே சொல்லிவிட்டதாகவும் சொன்னான். ஆனால் இப்றாஹீம் பார்த்துக்கொண்டிருந்தது ஹாஜியாரை. போன தடவை வந்த பையனும் சரியென்றுதான் சொன்னான், அவனுடைய வாப்பாதான் மறுத்தார். ஸஹாப்தீன் எழுந்தார். தொப்பியைச் சரிசெய்தார். கதவைத் திறந்து வெளியே போய்ச் செருப்பைத் தேடினார். இப்றாஹீம் அவர் பின்னாலேயே போனார்.

தறிக்கூடத்து நடுவில் வந்து நின்றுதான் அந்த மனிதர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. தறி தடதடத்தது.

“கேக்கல்ல ஹாஜியார்.”

மறுபடி உதடு அசைந்தது. இப்றாஹீம் காதில் கைவைத்துக் குனிந்தார். வாழ்நாளில் குரல் உயர்த்தியே பழகாத ஸஹாப்தீன், கழுத்து நரம்பு புடைக்க, மொத்தக் கூடமும் திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

“மருமகள் படிச்சிக் குடுக்கட்டும்! நான் எனத்துக்கு வேணாம் செல்ற?”

கொழும்புக் கூட்டம் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்றென்று நினைத்து மறுபடி கைதட்டியது. நூல் கிடங்கு வாசலில் இஸ்ரா எழுந்து நிற்பது தெரிந்தது. இந்த முறை இப்றாஹீம் யாரையும் திட்டவில்லை. அவரும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.