அமைதிக்கு ஒன்பதரை

…ஆனாலும் நீலத்துக்குத்தான் முதலிடம், சந்தேகமே இல்லை, மூன்று வண்டிகளையும் மூன்று நாள் உருட்டிப் புரட்டிப் பார்த்தாயிற்று, வெள்ளை எஸ்யூவி மேடு பள்ளத்தையெல்லாம் விழுங்கி ஏப்பம் விடுகிறது, சரி, ஆனால் வளைவு என்று வந்துவிட்டால் அதற்குக் கைகால் உதறுகிறது, கறுப்பு நேர் எதிர், திருப்பலாமா என்று நினைப்பதற்குள் திரும்பி நிற்கிறது, சாலையில் கிடக்கும் பொடிக்கல்லைக்கூட ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்குச் சொல்லிவிடுகிறது, ஆனால் எஞ்சின் அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டே வருகிறதே, இவ்வளவு விலை கொடுக்கிறவன் உறுமலையுமா சேர்த்து வாங்குவான்… நீலம் அப்படியில்லை, இரண்டேகால் டன் உடம்பைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து நான்கே நொடியில் நூறைத் தொடுகிறது, தொட்ட பிறகும் உள்ளே ஒரு அமைதி, பூட்டிய நூலகத்துக்குள் உட்கார்ந்திருப்பதுபோல, அந்த அமைதிக்கு மட்டும் பத்துக்கு ஒன்பதரை போட்டிருந்தார், இருபத்தாறு வருஷமாக வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர், இதுவரை எந்த வண்டிக்கும் போடாத மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் நீலம் எண்பத்து நாலரை, கறுப்பு எண்பத்து மூன்று, வெள்ளை எண்பத்தொன்று. நாலு மணிக்குள் தீர்ப்பு ஆசிரியர் மேஜைக்குப் போய்ச் சேரவேண்டும், அட்டையிலேயே போடப்போகிறார்கள், உங்கள் பத்திரிகை சொன்னால்தான் வாங்குவேன் என்று அடம்பிடிக்கிற வாசகர்கள் இன்னமும் இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள், அவர்கள் இல்லாவிட்டால் ஐம்பத்து மூன்று வயதில் யார் அவர் கையில் இப்படிப்பட்ட வண்டியின் சாவியைக் கொடுப்பார்கள்?

கொடுத்து வைத்தவன் நான், என்று நினைத்துக்கொண்டார், இதை வாரத்துக்கு இரண்டு முறையாவது நினைத்துக்கொள்வார், சின்ன வயதில் பஸ் ஜன்னலோரம் கிடைத்தாலே தலைகால் புரியாத ஆளுக்கு இன்று முதுகைப் பிடித்துவிடுகிற இருக்கை, அதுவும் ஓட்டாமல் சும்மா உட்கார்ந்து வருகிற பாக்கியம். ஓட்டுவது குறிப்பு. அலுவலகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், பதினோரு வருஷமாக அவர் ஓட்டிக்கொண்டே வாய்விட்டுச் சொல்வதை அவள் பக்கத்து இருக்கையில் இருந்து எழுதிக்கொள்வாள், அதுதான் அவர்கள் வேலை செய்யும் முறை, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் தோன்றிய நொடியே சொல்லிவிடவேண்டும், யோசித்துச் சொன்னால் பொய் கலந்துவிடும் என்பது அவர் கட்சி. ஓட்டமெல்லாம் முடிந்தபின் அவள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து தாளாகக் கொடுப்பாள், அவர் அதை வைத்துக்கொண்டு எழுதுவார், நோட்டை அவர் தொட்டதே கிடையாது. இன்று மட்டும், மூன்று நாள் பிரேக்கை மிதித்து மிதித்து முழங்கால் வீங்கிவிட்டதால், “ஷோரூம் வரைக்கும் நீயே ஓட்டு, நோட்டைக் குடு, நான் எழுதறேன்” என்றார். அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு கொடுத்துவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை ஒரு டயர் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் சேரப்போகிறாள், இதுதான் சேர்ந்து செய்யும் கடைசி ஒப்பீடு, அதனால்தான் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நோட்டைத் திறந்தால்… அட, என்ன அழகான கையெழுத்து, ஓடுகிற வண்டியில் இப்படிக்கூட எழுத முடியுமா, பேனாவில் அவர் சொன்னதெல்லாம் சொன்னபடி, ‘பிரேக் முதல் மிதியில் சோம்பல், அப்புறம் பேய்ப்பிடி’, ஆமாம், கறுப்புக்குச் சொன்னது, ‘பின் இருக்கையில் எனக்குப் பின்னால் நானே உட்கார்ந்தால் முட்டி இடிக்காது’, வெள்ளைக்கு, ‘இந்தத் திரையை வடிவமைத்தவனை இதிலேயே வழி தேடச் சொல்லவேண்டும்’, மூன்றுக்கும் சேர்த்துச் சொன்னது, சிரிப்பு வந்தது, தன் பேச்சைத் தானே படிப்பதில் ஒரு கூச்சமும் ஒரு கர்வமும்… ஓரத்தில் இது என்ன? பென்சிலில், பொடி எழுத்தில். ‘எண்பதுக்கு மேல் பக்கக் கண்ணாடி ஓரம் விசில்.’ இது நீலத்தின் பக்கம். ‘கூரைக் கண்ணாடியில் கீச்சு, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம்.’ இதுவும் நீலம். விசிலா? அவர் எங்கே விசில் என்று சொன்னார்? கறுப்பின் பக்கத்தைத் திருப்பினார், பென்சிலில் ஒரே வரி, ‘உறுமல் மட்டும். வேறு எதுவும் இல்லை. குழந்தை தூங்கும்.’ பின்னால் போனார், போன மாதத்து வண்டி, அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது, எல்லாப் பக்கத்திலும் பேனாவில் அவர், ஓரத்தில் பென்சில், பென்சில் சொல்வதெல்லாம் ஓசை மட்டும், கீச்சு, சிணுங்கல், விசில், பெல்ட் மாட்டாததற்கு மணி, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எச்சரிக்கிற டிக் டிக்… பார்வை இல்லை, பிடி இல்லை, வசதி இல்லை, வெறும் ஓசை, அதுவும் மேல்ஸ்தாயி ஓசை. அவர் சொல்லாதது. அவர் கட்டுரைகளில் அச்சானது. ஏனென்றால் தட்டச்சுத் தாளில் பேனாவும் பென்சிலும் ஒரே எழுத்தாகத்தானே வரும், நாம் சொன்னதுதானே என்று அவரும் மெனக்கெட்டு விரித்து எழுதியிருக்கிறார், ‘காற்று லேசாகச் சிணுங்குகிறது’ என்று, பெரிய ரசிகர் மாதிரி.

வண்டி நெடுஞ்சாலைக்கு ஏறியிருந்தது, தொண்ணூறு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார், டயர் உருள்கிற கனமான ஓசை இருக்கிறது, எஞ்சினின் முனகல் இருக்கிறது, விசில்… இல்லை. “இப்ப விசில் கேக்குதா?” என்றார். அவள் சாலையையே பார்த்துக்கொண்டு, “கேக்குது அண்ணா” என்றாள். எதைப் பற்றி என்று கேட்கக்கூட இல்லை. எப்போதிலிருந்து என்று அவர் கேட்டார், மூணு வருஷம் இருக்கும் என்றாள், அந்த மஞ்சள் வண்டியிலிருந்து, பின்கதவு சரியாக மூடாமல் எச்சரிக்கை மணி வழிநெடுக அடித்துக்கொண்டே வந்ததாம், “நீங்க அதுக்குள்ள உக்காந்துகிட்டு, என்ன ஒரு அமைதி, எழுதிக்கோன்னு சொன்னீங்க.” அவருக்கே சிரிப்பு பீறிட்டது, அடக்கிக்கொண்டு, “நீ சிரிச்சியா?” என்றார். “வீட்டுக்குப் போய் சிரிச்சேன் அண்ணா. மறுநாள் சிரிப்பு வரல.” ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் ஒரு லாரியைத் தாண்டி, இடம் பார்த்து ஒதுங்கி, அப்புறம்தான், “பிரேக்கை ஒரு தடவை மிதிச்சிட்டு எந்தச் சக்கரம் முதல்ல சூடாகும்னு நீங்க சொல்றீங்க. எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் அது வராது. எனக்குக் கேக்கறத நான் எழுதினேன். இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?” என்றாள். பென்சில் எதற்கு என்றால், வேண்டாமென்றால் அழித்துக்கொள்ள வசதியாக இருக்குமே என்றாள்.

அப்படியானால் அந்தக் கட்டுரை? ஐயோ, அந்தக் கட்டுரை… ‘வண்டிகள் வாயடைத்த காலம்’ என்று இரண்டு வருஷம் முன்னால் நான்கு பக்கம் எழுதினாரே, புதிய வண்டிகளெல்லாம் எப்படி மௌனத்தைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று உருகி உருகி, பாராட்டுக் கடிதம் குவிந்தது, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் மட்டும் ‘என் அனுபவம் வேறு’ என்று பணிவாக இரண்டு வரி எழுதியிருந்தார், அவருக்கு இவர் கொடுத்த பதில் இருக்கிறதே, ‘தங்கள் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்’ என்று! வாயடைத்தது வண்டிகளா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த நான்கு பக்கத்தையும் தட்டச்சு செய்தவள் இவள்தானே, ஒரு எழுத்து மாற்றாமல் செய்துகொடுத்தாள். அதோடு மதிப்பெண் விஷயத்தில் வண்டி தவறாமல் நடந்த அந்த இழுபறி, “அண்ணா, அமைதிக்கு ஒரு அரை குறைச்சுக்கலாமா?” என்பாள், இவர் “சரியான கஞ்சம்டி நீ, உன் வீட்டுச் சொத்தா போகுது?” என்று கிண்டல் செய்துகொண்டே குறைத்துக்கொள்வார், மூன்று வருஷத்துத் தீர்ப்புகளை இந்தக் கஞ்சத்தனம்தான் நிமிர்த்தி வைத்திருக்கிறது. நேற்றும் கேட்டாள், ஒன்பதரை ஜாஸ்தியாகத் தெரியவில்லையா என்று. இவருக்கு அவள் போகிற கோபம், “போறவ பேசாம போ” என்று சொல்லிவிட்டார். சொன்னது எவ்வளவு அசிங்கம் என்று இப்போது உறைத்தது, அதைவிட, நன்றி என்று ஒன்று இவளுக்குச் சொல்லவேண்டுமே, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இவள் நினைத்திருந்தால் ஒரே நாளில், ஆசிரியர் அறைக்குப் போய் ஒரே வாக்கியத்தில், அவர் பிழைப்பை முடித்திருக்கலாம், மூக்குடைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம், அவர் நாற்காலியில் இவளே உட்கார்ந்திருக்கலாம். பென்சிலைச் சீவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இப்படி ஒருத்தி வாய்க்க அவர் என்ன புண்ணியம் செய்தார்?

“அந்த விசில் எப்படி இருக்குன்னு காட்டேன்” என்றார். அவள் உதட்டைக் குவித்து மெல்ல ஊதினாள், கேட்டது, நன்றாகவே கேட்டது, இழுத்து இழுத்து, நடுவில் நடுங்கி. “இவ்வளவு சத்தமாவா?” என்று அதிர்ந்து போனார். “இல்ல அண்ணா, அது இன்னும் ரொம்ப மேல இருக்கும், மெலிசா. உங்களுக்குக் கேக்கணுமேன்னு இறக்கி ஊதினேன்.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், கண்ணாடிக்கு வெளியே குடியிருப்புகளும் பெட்ரோல் பங்குகளும் கலங்கலாக ஓடின. பிறகு நோட்டை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒன்பதரையை ஒரே கோடாக அடித்தார். எவ்வளவு போட? “நீ சொல்லு” என்றார். “ஏழு” என்றாள், அரை கூட்டாமல் குறைக்காமல். நீலம் எண்பத்திரண்டு. கறுப்பு முதலிடம், அதன் உறுமலுக்கு அவர் பிடுங்கிக்கொண்ட ஒரு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்காமலே. கேட்டதற்குத் தண்டனை, கேட்காததற்குப் பரிசு என்று நீதி வழங்கியிருக்கிறார்! ஏழுக்குப் பக்கத்தில், பேனாவிலேயே, ‘கேட்டது குறிப்பு. எனக்குக் கேட்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். “அண்ணா, இது ஆசிரியர் கண்ணுல படுமே.” “படட்டும்.” “வேலைக்கு ஏதாவது…” “தெரியலம்மா. பிரேக்கும் கையும் இருக்கில்ல, பார்ப்போம். காதுக்கு வேற ஆள் போடச் சொல்றேன். ஆனா உன்னை மாதிரி பென்சில் பிடிக்கிற ஆளு கிடைக்காது” என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, அவள் கேட்காததுபோல் இண்டிகேட்டரைப் போட்டாள்.

ஷோரூம் வாசலில் வண்டி நின்றது. அவள் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள், அவர் கதவைத் திறந்து காலைத் தரையில் ஊன்றி, முழங்கால் சம்மதிக்கட்டும் என்று காத்திருந்தார், பத்தடி போனவள் திரும்பி ஏதோ சொன்னாள், பக்கத்தில் ஒரு ஆள் குழாயைப் பிடித்துக்கொண்டு கார் கழுவிக்கொண்டிருந்தான், உதடு அசைந்தது, புருவம் லேசாக உயர்ந்தது, எதையோ கேட்கிறாள். அவர் தலை தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கிவிட்டது, முகத்தில் அந்தச் சிரிப்பும் வந்துவிட்டது, யார் என்ன கேட்டாலும் வருகிற சிரிப்பு, பாதி ஆட்டத்தில் தலையைப் பிடித்து நிறுத்தினார். “கேக்கலம்மா!” என்று கத்தினார், கார் கழுவுகிறவன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. “எனக்குக் கேக்கல. திரும்பச் சொல்லு!” அவள் பத்தடியும் திரும்பி நடந்து வந்தாள். அவள் போகப்போகிற செய்தியே அவருக்கு ஆசிரியர் சொல்லித்தான் தெரிந்தது, பதினோரு வருஷம் பக்கத்தில் இருந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று பத்து நாளாக மனதுக்குள் முறுக்கிக்கொண்டு திரிகிறார்… கேட்டிருப்பாளோ? பட்டறையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மத்தியானத்தில், “போகட்டுமா அண்ணா” என்று கேட்டுவிட்டு நின்றிருப்பாளோ, அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருப்பாரோ?