ஹாஜராவின் வாயில் இனித்த பழம்

1953-ஆம் வருடச் சாரலில், குற்றாலத்துக் கடைவீதியில் நின்று மசூது தின்ற மங்குஸ்தான் பழம், மூன்று மைலுக்கு அப்பால் தென்காசியில் தறிக்கு நூல்தார் சுற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி ஹாஜரா பீவியின் வாயில் இனித்தது. அவள் ராட்டினத்தை நிறுத்திவிட்டுச் சப்புக்கொட்டினாள். அன்றைக்குத் தேங்காய் விலை கொஞ்சம் ஏறியிருந்தது என்பதைத் தவிர ஊரில் வேறு விசேஷம் எதுவும் இல்லை.

மசூது தறிக்காரன். முதலாளி கொடுக்கும் பாவு நூலில் கைலி நெய்து கொடுத்தால் கூலி கிடைக்கும். அந்தக் கூலி அப்படியே அவன் உம்மா சைதூன் பீவியின் கைக்குப் போய் அரிசியும் விறகுமாக மாறிவிடும். ஆனால் ஒவ்வொரு பாவு முடியும்போதும் கொஞ்சம் நூல் மிஞ்சும். மிஞ்சியது நெய்தவனுக்கே என்பது அந்தத் தெருவின் வழக்கம். வருடம் முழுக்க அதைச் சேர்த்து, துண்டாக நெய்து, சாரல் தொடங்கியதும் அருவிக்கரைக்கு எடுத்துப் போவார்கள். துண்டு கொண்டுவர மறந்தவர்கள் அங்கே எப்போதும் உண்டு. ஈரத்தோடு நடுங்கி நிற்கிறவன் அதிகம் பேரம் பேச மாட்டான். அந்தக் காசை வீட்டில் யாரும் கேட்பதில்லை. பத்து மாதம் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற ஆம்பளை, இரண்டு மாதம் தன் இஷ்டத்துக்குச் செலவழித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அறுந்து கிடந்த அந்த நூலையெல்லாம் முடிச்சுப் போட்டு இணைத்துத் தாராகச் சுற்றியது பெண்டாட்டிதானே என்று தெருவில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. மசூதுக்கும் தோன்றவில்லை. இந்தத் தப்பை அவன் மட்டும் செய்யவில்லை. அவன் வீட்டில்தான் அது வெளியே தெரிந்தது.

அன்று அவன் வீடு திரும்பியதும் ஹாஜரா சொன்னாள்: “இன்னைக்கி என்னமோ பழம் தின்ன மாதிரி இருந்துச்சு. சுளை சுளையா, வாயில வச்சதும் கரைஞ்சு போச்சு. பேருதான் தெரியல.”

“சாரக் காத்து அடிச்சா அப்படித்தான் இருக்கும்” என்று மசூது முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. பழத்தின் பெயரையாவது அவன் சொல்லியிருக்கலாம்.

அடுத்தடுத்த வருடங்களில் இதன் முறை தெளிவாயிற்று. அவன் காசு கொடுத்துத் தனக்கென்று வாங்கியது மட்டுமே அவளிடம் வந்தது. அருவிக் குளியல் வரவில்லை. அதற்குக் காசு கிடையாது. சிநேகிதன் வாங்கிக் கொடுத்த டீ வரவில்லை. செங்கோட்டைக்காரர் சுடச்சுடப் போட்டு விற்கும் நேந்திரங்காய் வறுவல் வந்தது, பன்னீர் சோடா ஏப்பத்தோடு வந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் செல்லச்சாமியிடம் அவன் தலையையும் முதுகையும் கொடுத்த நாளில் ஹாஜராவின் தலையிலிருந்து எண்ணெய் வடிந்து ரவிக்கை நனைந்தது. சைதூன் பீவி எண்ணெய்ப் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. அதனால் வசவு இரட்டிப்பானது. வீட்டு எண்ணெய் இல்லையென்றால் வேறு யார் வாங்கிக் கொடுத்தது?

சிகரெட் பிடித்த அன்று இன்னும் மோசம். “ஏட்டி, ஒன் வாயில என்ன பொகை நாத்தம் அடிக்கி? குடும்பத்துப் பொம்பளையா நீ?” என்று மாமியார் கத்தியது அடுத்த தெருவரைக்கும் கேட்டது. ஹாஜரா உப்புத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து புருஷனைப் பார்த்தாள். மசூது குனிந்த தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் சிகரெட்டைத் தொடவில்லை. மற்ற எதையும் விடவும் இல்லை.

மனம் உறுத்தி அவன் இதைச் செல்லச்சாமியிடம் மட்டும் சொன்னான். அவர் ஆச்சரியப்படவில்லை. “நானும் நெனச்சேன் பாய். எத்தனையோ ஊரு ஒடம்பத் தேய்ச்சிருக்கேன். ஒம்ம முதுகுல மட்டும் எண்ண நிக்கவே மாட்டேங்கு. எங்கனயோ போவுதுன்னு தெரியும். எங்கனன்னுதான் தெரியாது” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் தோளில் கைவைத்தார்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த மறுவருடம் சாரல் வெளுத்து வாங்கியது. துண்டுகள் போன இடம் தெரியவில்லை. மசூதின் மடி நிறைந்தது, வாயும் ஓயவில்லை. வீட்டில் ஹாஜரா தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தாள். ருசியும் வயிறு நிறைந்த மப்பும் அவளிடம் ஒழுங்காக வந்து சேர்ந்தன. சத்து மட்டும் வழியில் எங்கோ நின்றுவிட்டது. தோள் எலும்பு துருத்தியது. மாதாமாதம் வருவது வரவில்லை. ஒருநாள் மசூது சூடான அல்வாவை ஆசைக்கு மேல் தின்றுவிட, அவள் கொல்லையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

கல்யாணமாகி ஏழு வருடமாகப் பிள்ளை இல்லாத வீடு அது. சைதூன் பீவி மருத்துவச்சியை அழைத்து வந்தாள். மருத்துவச்சி நாடி பார்த்துச் சிரித்தாள். “ஏலே மசூது, அல்லா கண்ணத் தொறந்துட்டான்லே!” என்று மகனின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள் உம்மா. பள்ளிவாசலுக்குச் சர்க்கரை போயிற்று. திட்டிய வாயாலேயே மாமியார் ‘உக்காரும்மா, படும்மா’ என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து ஹாஜராவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தபடி தூங்கினாள்.

அது அல்வா என்று மசூதுக்குத் தெரியும். ஒருவேளை அல்வா இல்லையோ என்றும் ஒரு நப்பாசை இருந்தது. வாயைத் திறந்தால் வீட்டின் சந்தோஷம் போய்விடும். திறக்காமல் இப்படியே தின்றுகொண்டிருந்தால் அவள் உயிரே போய்விடும். யோசித்து யோசித்து, பிள்ளை இருந்தால் அதற்குச் சோறு வேண்டுமே என்ற முடிவுக்கு வந்தான். அன்றோடு காசை மடியில் இறுக முடிந்துகொண்டு, துண்டை மட்டும் விற்றுவிட்டு வெறும் வாயோடு திரும்பினான்.

ஹாஜராவுக்குப் பசி வந்தது. முதலில் ஒரு வாய், பிறகு ஒரு தட்டு, பிறகு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முகத்தில் ரத்தம் ஓடியது. சாரல் முடிகிற சமயத்தில் மாதவிலக்கும் வந்தது. கரு தங்கவில்லை என்று சைதூன் பீவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கண்ணேறு என்றார்கள் சிலர். ஹாஜரா அழவில்லை. குளித்துவிட்டு வந்து ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்து சுற்றத் தொடங்கினாள்.

உம்மா இல்லாத வேளை பார்த்து மசூது அவள் எதிரில் போய்க் குத்தவைத்தான். “எல்லாம் நான் தின்னதுதாம்ளா” என்றான். “பழம், வறுவல், அல்வா, எல்லாம்.”

“தெரியும்” என்றாள், கை நிற்காமல். “மொதப் பழத்துலயே தெரியும். நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன். வருசா வருசம் பாத்தேன்.”

“பொறவு பிள்ளைன்னு சொன்னப்பவும் ஏன் பேசாம இருந்த?”

ராட்டினம் நின்றது. “அந்த ஒரு தடவ மட்டும், அது நீங்க தின்னதா இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்.”

“இனிமே ஒனக்கும் வாங்கியாரேன். என்ன வேணும்னு சொல்லு” என்றான்.

“எனக்கு என்ன புடிக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

அவன் யோசித்தான். அவள் கையால் இத்தனை வருடம் சாப்பிட்டும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

“அப்ப காசக் குடுங்க. நானே வாங்கிக்கிடுதேன்.”

மறுவருடம் துண்டுக் காசில் சரிபாதி அவள் கைக்கு வந்தது. பொம்பளைக்கு எதற்குக் கைச்செலவு என்று சைதூன் பீவி குதித்தாள். “நூலு அவ சுத்துனது உம்மா” என்றான் மசூது, அன்றுதான் கண்டுபிடித்தவனைப் போல. அந்த வாரமே அருவிக்கரையில் மதுரைக்காரர் ஒருவரிடம் விலை பேசிக்கொண்டிருந்தபோது அவன் வாய் தீப்பற்றிக்கொண்டது. தென்காசியில் ஹாஜரா தெருவில் விற்றுப் போனவளைக் கூப்பிட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கடித்திருந்தாள். அவளுக்குக் காரம் என்றால் உயிர். மசூதுக்குக் காரம் ஆகாது. அதனால் அந்த வீட்டில் கல்யாணம் ஆன நாளிலிருந்து மீன் குழம்புகூடக் குழந்தைக்கு வைப்பது மாதிரிதான் வைத்தாள். அப்படி ஒன்று நடக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

பிள்ளை பிறக்கவில்லை. சாரல் சில வருடம் பொய்த்தது, சில வருடம் பெய்தது. அறுபதுகளில் குற்றாலத்துக்கு வந்து போனவர்களுக்கு, பேச்சின் நடுவே திடீரென்று மூக்குச் சிவந்து கண்ணீர் கொட்ட நிற்கும் துண்டுக்காரனைத் தெரிந்திருக்கும். “ஒண்ணுமில்ல, வீட்டுல என்னமோ வாங்கியிருக்காக” என்று செல்லச்சாமி சொல்வார். வந்தவர்களும் சரி என்று துண்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் தொடக்கத்தில் சோடா உடைத்து நீட்டிப் பார்த்தார். மசூது கையால் மறுத்துவிடுவான். அவள் ஆசைப்பட்டு வாங்கியது. அதைத் தண்ணீர் விட்டு அணைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அது தானாக அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து விலை சொல்லுவான்.