சாவியை எடுத்த பிறகும் ஓடும் ஃபேன்

காரில் ஏற்றினால் குழந்தை பூசணி தூங்கிவிடுவான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. வீட்டு வாசலில் கார் நின்ற பிறகு எவ்வளவு நேரம் தூங்குவான் என்பதுதான் பிடிபடவில்லை. ஒரு நாள், காய்ந்த துணி மொத்தத்தையும் மடித்து முடிக்கும்வரை அசையமாட்டான். இன்னொரு நாள், அப்பா இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் கண்ணை உருட்டிப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டுவான். அதே கார், அதே இருக்கை, பக்கத்தில் அதே அம்மா.

பல் முளைக்கிற வயது. தொட்டிலில் போட்டால், முதுகில் முள் குத்தியதுபோல் வில்லாக வளைவான். ஆகவே மதியமானால் காரில் ஒரு சுற்று. திரும்பி வந்ததும் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, அம்மா அவனோடு பின்சீட்டிலேயே உட்கார்ந்திருப்பாள்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் டெக்னீஷியன் வேலை. திங்கட்கிழமையோடு விடுப்பு முடிகிறது. இனி ஒரு நாளும் நீட்டிக்க மாட்டார்களாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா பெட்டியோடு வந்து இறங்கியிருந்தாள். ஆனால் அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

"ஊட்டி விடுவேன், குளிப்பாட்டுவேன், கக்கா கழுவுவேன். இவனத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போக மட்டும் என்னால ஆகாதும்மா. சைக்கிள் கத்துக்கிறேன்னு போயி வேலியில விழுந்தவ நான்," என்றாள் அத்தை.

"இவன் வீட்டுல தூங்கலன்னா நான் வேலைய விட வேண்டியதுதான் அண்ணி," என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவர் தொழிலில் சத்தம்தான் எதிரி. கிறீச்சென்றால் ஓர் இடத்தில் கோளாறு, டொக்கென்றால் வேறோர் இடத்தில். சத்தம் அடங்கிவிட்டால் பழுது தீர்ந்தது, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். எனவே பூசணி விழித்துக்கொள்வதற்கும் ஒரு சத்தத்தைத் தேடினார். அது காரின் முன்பக்கத்திலேயே கிடைத்தது.

"உர்ர்னு கத்துதே, ரேடியேட்டர் ஃபேன். இதுதான் எழுப்பி விடுது."

"வண்டிய நிறுத்தினப்புறமும் எதுக்குடா கத்துது? உன்ன மாதிரியே, போதும்னு சொன்னாலும் கேக்காதா?" என்றாள் அத்தை.

அது கோளாறு அல்ல. எஞ்சின் ஓடும்போது ஒரு பம்ப் அதற்குள் தண்ணீரைச் சுற்றவைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு முன்னாலிருக்கும் ரேடியேட்டருக்கு வரும், காற்றில் ஆறும், திரும்பிப் போகும். சாவியைத் திருப்பியதும் எஞ்சினோடு பம்பும் நின்றுவிடும். ஆனால் இரும்பு உடனே ஆறிவிடுமா? பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இஸ்திரிப் பெட்டி கொஞ்ச நேரம் சுடுகிறதல்லவா, அப்படித்தான். ஓடாமல் நிற்கும் தண்ணீர் அந்தச் சூட்டையெல்லாம் வாங்கி, கார் ஓடியபோது இருந்ததைவிட அதிகமாகக் கொதிப்பேறும். ரேடியேட்டரில் சூட்டை உணரும் ஒரு சுவிட்ச் உண்டு. சூடு அளவைத் தாண்டினால் அது ஃபேனைப் போட்டுவிடும். இந்தக் காரில் அதற்குச் சாவியின் தயவு வேண்டாம். மின்சாரம் நேராக பேட்டரியிலிருந்து வருகிறது. ஆறியதும் அந்தச் சுவிட்சே ஃபேனை நிறுத்தும். நெரிசலில் ஏசி போட்டு ஊர்ந்து வந்தால் வெகுநேரம் ஓடும். காற்றோட்டமான சாலையில் விரைந்து வந்தால் சற்று ஓடி நிற்கும், அல்லது ஓடவே ஓடாது.

இவ்வளவும் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் சனிக்கிழமை மதியம் அந்த ஃபேனின் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சூடாயிடாதாங்க?"

"ஓடற வண்டிக்கு எதிர்காத்தே போதும். வெளிச்சாலையில ஒரு சுத்து, அவ்வளவுதான்."

அத்தையும் கூட ஏறிக்கொண்டாள். திரும்பும் வழியில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வரிசை நகரவில்லை. எதிர்காற்றும் இல்லை, ஃபேனும் இல்லை. சூடு காட்டும் முள் மெல்ல மேலேறியது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஒரு மரநிழலில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

பூசணி வீறிட்டான்.

அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். அப்பா பானெட்டைத் திறந்தார். "ரேடியேட்டர் மூடிகிட்ட யாரும் போகாதீங்க, கொதிச்சு அடிக்கும்."

"ஏங்க, ஃபேன் ஓடவே இல்லயே. அப்புறம் யாரு எழுப்பினா?"

"ரோட்டுச் சத்தமா இருக்கும்."

"ரோடே செத்துக் கெடக்கு, எல்லாரும் எஞ்சின அணைச்சுட்டாங்க. பையில இருக்கறத எடுத்து மாட்டுங்க."

"இப்பவா? மாட்டின உடனே சுத்தும்."

"சுத்தட்டும்."

அப்பா கையை ஃபேன் இறக்கைகளிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு ஃப்யூஸை அதன் பெட்டியில் அழுத்தினார். சாவி அம்மாவின் கையில்தான் இருந்தது. ஆனாலும் ஃபேன் உர்ரென்று எழுந்தது. பூசணி பாதி அழுகையில், எதற்கு அழுதோம் என்பதையே மறந்தவன்போல் நிறுத்தினான். ஒரு விக்கல். ஒரு கொட்டாவி. தலை அம்மாவின் கழுத்தோரம் சாய்ந்தது.

அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டேய், உன் எதிரி தாலாட்டு பாடுதுடா."

மூவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் ஆறியது, ஃபேன் நின்றது. பூசணி சட்டென்று தலையைத் தூக்கினான். அதே நொடியில் அம்மாவும் தலை நிமிர்ந்தாள்.

ரத்த வங்கியில் குளிர்பெட்டிகள் நாளெல்லாம் முனகிக்கொண்டிருக்கும். யார் காதிலும் விழாது. ஒன்று நின்றுவிட்டால் போதும், அறையில் உள்ள அத்தனை பேரும் கையிலிருப்பதை வைத்துவிட்டு நிமிர்வார்கள். 'எங்களோடு சேர்ந்து நிமிர ஒரு ஆள் வந்துவிட்டான்' என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இவன் சத்தத்துல முழிக்கலங்க. சத்தம் நிக்கும்போது முழிக்கிறான்."

அப்பா தலையைச் சொறிந்தார். "அப்ப நெரிசல்ல வந்த நாளெல்லாம் ஃபேன் ரொம்ப நேரம் ஓடியிருக்கும்... இவனும் ரொம்ப நேரம் தூங்கியிருக்கான். ஃப்ரீயா வந்தா ஃபேனும் இல்ல, தூக்கமும் இல்ல. அடப்பாவி!"

"யாரச் சொல்ற, பிள்ளையயா, உன்னயா?" என்றாள் அத்தை. "சரி, எனக்குக் கார் வேணாம். அந்த ஃபேன மட்டும் கழட்டிக் குடு."

"அதெல்லாம் எதுக்கு அண்ணி? பரண்மேல டேபிள் ஃபேன் சும்மாதான கெடக்கு," என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை அத்தை தனியாகச் சோதித்துப் பார்த்தாள். அப்பாவும் அம்மாவும் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். வில்லாக வளைந்தவன் ஃபேன் சத்தத்தில் மெல்லத் தளர்ந்து தூங்கிப்போனான். சற்று நேரத்தில் உள்ளே மறுபடி வீறல். அம்மா ஓடினாள்.

"தூங்கிட்டானேன்னு நிறுத்தினேன்," என்றாள் அத்தை. "கரண்டு எதுக்கு வீணா?"

"அண்ணி!"

"சரி சரி, தெரிஞ்சுபோச்சு. நீ போய் உக்காரு."

இரண்டாம் முறை அவள் சுவிட்ச் பக்கமே போகவில்லை. அம்மா படியில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள், அப்பா எழுப்பவில்லை.

திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போனாள், பூசணி வீட்டிலேயே தூங்கினான். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: காற்று பிள்ளைமேல் படாமல் டேபிள் ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி வைத்து, தொட்டிலில் போடுவதற்கு முன்பே ஓடவிட வேண்டும், அவனாகக் கண் விழிக்கும்வரை அதை அணைக்கக் கூடாது.