உச்சிவெயிலில் அடித்த நுரை

அந்த வீட்டில் பேசிய எதுவும் வீணாய்ப் போனதில்லை. வெயில் ஏற ஏறப் பேச்செல்லாம் கூரைப் பரணுக்குப் போய்ச் சேரும். பொழுது சாய்ந்து கூரை குளிர்ந்ததும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். சாவியைக் காணோம் என்று போட்ட கூச்சல், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு, எல்லாம் பழசு புதுசு பார்க்காமல் வரும். பக்கத்து வீடுகளில் ரேடியோ இருந்தது, இங்கே பரண் இருந்தது, அவ்வளவுதான்.

கல்யாணம் ஆன மறுவருடம் மகள் பெட்டியோடு வந்து நின்றாள். கழுத்தில் விரல் பதிந்திருந்தது. நில அளவையாளரான அப்பா அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டார். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றார். "நான் இங்கயே இருந்துடறேனேப்பா" என்றாள் அவள். அவரே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அடுத்த கோடையில் அவள் செத்த தகவல்தான் வந்தது. மனுஷன் கெட்டவர் இல்லை. இப்படிப்பட்ட நல்லவர்களால்தான் பெண்கள் சாகிறார்கள்.

அதன்பின் அம்மா சாயங்காலமானால் பரணின் வாய்க்கு நேர்கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். முதலில் அவர் குரல் இறங்கும். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பாள், பின்னாலேயே மகள் குரல் வரும் என்பதற்காக. அவர் அந்நேரம் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவார். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவுவார்.

கடைசியில், வீடு கொதிக்கிறது, சூடு இறங்காமலிருக்கப் பரணில் ஃபோம் அடிக்க வேண்டும் என்றார். ஃபோம்காரர் வந்து மூன்று துண்டுகளை மேசையில் வைத்தார். தெர்மோகோல் அட்டை, இடுக்கு விடும். மெத்தென்ற ஃபோம், மூச்சு விடும். கெட்டி ஃபோம், ஒன்றையும் விடாது.

"அட்டையே போதும்" என்றாள் அம்மா.

"எதுல கீழ ஒண்ணும் வராது?" என்று கேட்டு அவர் கெட்டியானதைத் தொட்டார்.

"சரி சார், சாயங்காலமா அடிக்கலாம். கூரை சுடும்போது அடிச்சா நுரை சரியா ஒட்டாது."

"உச்சிவெயில்லதான் அடிக்கணும்."

அப்போதுதான் பேச்செல்லாம் மேலே இருக்கும். அம்மாவுக்கு அது புரிந்தது, தடுக்க முடியவில்லை. நுரை பொங்கி, சந்துபொந்தெல்லாம் அடைத்து, இறுகியது. வீடு ஜில்லென்று ஆனது. அன்று சாயங்காலம் ஒன்றும் இறங்கவில்லை. அம்மா நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு, "இப்ப நிம்மதிதானே?" என்றாள்.

மேலே போக வழியில்லாமல் அந்தக் கேள்வி கூடத்திலேயே நின்றுவிட்டது, நெஞ்சு உயரத்தில், கதவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில். அதற்கப்புறம் அம்மா வாய் திறக்கவில்லை. சாகும்வரை திறக்கவில்லை.

அவள் போனபின் அவர் கத்தியோடு பரண் ஏறினார். ஃபோமை அறுக்க அறுக்கக் குரல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. 'இரு' என்று ஒரு துண்டு, 'ப்பா' என்று ஒரு துண்டு. எவ்வளவு அறுத்தும் அவர் பேச்சு மட்டும் முழுசாகவே வந்தது.

கோடையில் தெருக்காரர்கள் இன்றும் அந்தக் கூடத்தில் வந்து உட்காருகிறார்கள். அவ்வளவு குளுமை. உள்ளே வருகிறவர்கள் அந்தக் கேள்வியில் இடித்துக்கொள்ளாமல் சற்று ஒதுங்கி நடக்கிறார்கள். அவர் மட்டும் ஒதுங்குவதில்லை. தண்ணீர் எடுக்கப் போகும்போதும் வரும்போதும் அதற்குள் புகுந்துதான் போகிறார்.