கத்தரிப்பூ நிறச் சுவர்

என் வீட்டுக்காரர் தன்னைத் தொலைத்துவிட்டு வந்த அன்று, டாக்சியில் ஏறியதும் நான் கேட்டது, "குடைய எடுத்துக்கிட்டீங்களா?" என்றுதான்.

"குடை வேற, நான் வேற இல்ல," என்றார், சிரித்த முகத்தோடு. குடை ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பெயர் பெற்ற சிடுமூஞ்சி. அவர் நாற்காலியில் யாராவது உட்கார்ந்துவிட்டால் ஒரு வார்த்தை பேசமாட்டார். எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே வந்து நிற்பார். அவருடைய துண்டைத் தொடக்கூடாது, அவருடைய டம்ளரில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. இப்படி எதற்கெடுத்தாலும் 'என்னோடது' என்று வாழ்ந்த மனிதர், கூட வேலை பார்த்த சிநேகிதர் போனதும் அப்படியே சாய்ந்துவிட்டார். அந்தச் சிநேகிதர் ரொம்பக் குள்ளம், அதனால் ஊரே அவரை 'உயரம்' என்றுதான் கூப்பிடும். லிஃப்ட் கூண்டின் தலைமேல் இவர் நிற்பார், உள்ளே உயரம் நிற்பார். முகம் பார்க்காமல் குரல் கொடுத்தே வேலையை முடிப்பார்கள். உயரம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபோது இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், மாதக்கணக்கில் படுத்தே கிடந்தார்.

என்னென்னவோ மாத்திரை கொடுத்துப் பார்த்தோம். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் பயம் வந்தது. ஒரு நல்ல சிடுமூஞ்சியை இந்தச் சுவருக்கே தாரைவார்த்துவிட வேண்டியதுதானா என்று பயம்.

அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் காளானிலிருந்து எடுத்த ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"நம்ம மூளையில சில பகுதிங்க கூட்டாச் சேர்ந்து 'நான், எனக்கு, என்னோடது'ன்னு ராப்பகலா கதை சொல்லிட்டே இருக்கும். மனசு ஒடிஞ்சவங்களுக்கு அதே சோகக் கதைதான் திரும்பத் திரும்ப. இந்த மருந்து கொஞ்ச நேரம் அந்தக் கூட்டணிய அடக்கி வைக்கும். வழக்கமாப் பேசிக்காத பகுதிங்க எல்லாம் அப்போ ஒண்ணோட ஒண்ணு பேச ஆரம்பிக்கும். அதுல புதுசா ஒரு வழி தெரியலாம். தெரியாமலும் போகலாம்."

பல நாள் கழித்து இவர் அன்றைக்குத்தான் ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"இன்ஸ்பெக்‌ஷன்ல போடுறீங்க."

டாக்டரம்மா விழித்தார். நான்தான் விளக்கினேன். கூண்டின் தலைமேல் ஏறி வேலை செய்யும்போது மெக்கானிக் ஒரு சுவிட்சை 'இன்ஸ்பெக்‌ஷன்' பக்கம் திருப்பிவிடுவார். அதன்பிறகு எந்த மாடியில் யார் பட்டனைக் குத்தினாலும் லிஃப்ட் மதிக்காது. வேலை முடிந்ததும் அந்தச் சுவிட்சைப் பழையபடி மாற்ற மறந்து இறங்கிப் போவதுதான் அந்தத் தொழிலில் எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற கோமாளித்தனம். மேலே இருக்கிறவர்களும் கீழே இருக்கிறவர்களும் பட்டனைக் குத்திக் குத்தி விரல் தேய நிற்பார்கள்.

மருந்து கொடுத்த அன்று கண்ணைக் கட்டி, காதில் சங்கீதம் வைத்துப் படுக்கவைத்தார்கள். பக்கத்தில் இரண்டு நர்ஸுகள் காவல். சாயங்காலம் வெளியே வந்தபோது, உள்ளே என்ன நடந்தது என்று கேட்டேன்.

"எல்லா மாடியிலயும் கதவு தொறந்து கெடந்துச்சு. எதுக்கும் நம்பர் இல்ல. நான்னு ஒருத்தன் இருந்தான், ஏதோ ஒரு மாடியில எறங்கிட்டான்."

"எந்த மாடின்னு பாத்தீங்களா?"

"பாக்கறதுக்கு ஆள் இல்லையே," என்றார்.

வீட்டுக்கு வந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. எழுந்து உட்கார்ந்தார், சாப்பிட்டார், ஜன்னலைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே கொஞ்சம் விஷமமும் தலைதூக்கியது. அவர் டம்ளரில் நான் டீ குடித்துக் காட்டினேன். புன்னகை. அவர் துண்டில் கை துடைத்தேன். அதற்கும் புன்னகைதான். இப்படி ஒரு வாய்ப்பை விடுவேனா? என் தம்பியைச் சில நாள் வந்து தங்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"தாராளமா," என்றார்.

என் தம்பியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வந்தவன் நேராக அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்தபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தான்.

"உக்காரு, மாப்ள. நாற்காலிக்கு யாரு என்னன்னு தெரியுமா?"

தம்பி சமையலறைக்கு ஓடிவந்தான். "அக்கா, இது யாரு? மாமாவ எங்க வச்சிருக்க?"

அந்த வாரமே படுக்கையறைச் சுவருக்குக் கத்தரிப்பூ நிறம் அடிக்கலாமா என்று கேட்டேன். இனி ஒருதரம் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் அவருக்குக் கண் கூச வேண்டும் என்பது என் கணக்கு. வெள்ளையைத் தவிர வேறு நிறத்தை வீட்டுக்குள் விடாத மனிதர், "சுவர் எந்த நிறமா இருந்தாலும் அதுவும் நான்தான்," என்றார். தம்பி ஒரு கோட்டு அடித்து முடித்தான்.

ஆனால் நாளாக ஆக அந்த விளையாட்டு எனக்குச் சலித்துவிட்டது. சண்டைக்கு இழுத்தால் வரமாட்டேன் என்கிறார். டீயில் வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கொடுத்தேன், குடித்துவிட்டு நன்றி சொன்னார். உயரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "யாரும் எங்கயும் போகல," என்று அதே புன்னகை. முன்பு சுவரைப் பார்த்தார், இப்போது புன்னகைக்கிறார். இரண்டிலும் அவர் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சுவிட்ச மாத்த மறந்துட்டு எறங்கிட்டீங்களா, டாக்டர்?"

"மருந்து அன்னிக்கே எறங்கிருச்சும்மா. சிலருக்கு அந்த நெனப்பு மட்டும் கொஞ்ச நாள் தங்கும். நாளைக்கு அவரக் கூட்டிட்டு வாங்க, பேசிப் பாக்குறேன்."

மறுநாள் காலை படுக்கையறையில் அவருக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அங்கேயே தம்பி இரண்டாவது கோட்டுக்குத் தயாரானான். பெயின்ட் டப்பாவின் மூடி இறுகிக் கிடந்தது. கட்டிலுக்கடியில் இருந்த இவருடைய டூல்ஸ் பையைத் துழாவி, ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து மூடிக்கு அடியில் கொடுத்து நெம்பினான். கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றிய ஸ்க்ரூடிரைவர்.

"டேய்!"

கட்டிடமே அதிர்ந்தது. தம்பி டப்பாவோடு உட்கார்ந்துவிட்டான்.

"ஸ்க்ரூடிரைவரால நெம்புறியே, நீயெல்லாம் மனுஷனா? நுனி போயிடும்டா! யாரக் கேட்டு எடுத்த? அது என்னோடது! உயரம் எனக்குக் குடுத்தது!"

ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். "போயிட்டான்டி," என்றார் என்னைப் பார்த்து. பிறகு குழந்தைபோல ஓவென்று அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு வருத்தமும் சந்தோஷமும் ஒன்றாக வந்ததால் எதற்கு அழுகிறேன் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்தியபோதுதான் அவர் சுவரைக் கவனித்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"யாரக் கேட்டு இந்தக் கண்றாவி?"

"உங்களக் கேட்டுத்தான்."

"ஆள் இல்லாத நேரமாப் பாத்துக் கேட்டிருக்க."

"சரி, இப்போதான் ஆள் வந்தாச்சே. கேக்குறேன். ரெண்டாவது கோட்டு அடிக்கலாமா?"

"கூடாது!"

எத்தனை மாதமாயிற்று அந்தக் 'கூடாது'வைக் கேட்டு! அவர் டம்ளரை நன்றாகக் கழுவி, சர்க்கரை தூக்கலாக டீ போட்டுக் கொடுத்தேன். தம்பி பெயின்ட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று கண்ணாலேயே கேட்டான். மூடி வை என்று கண்ணைக் காட்டினேன். அவர் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அடித்துக்கொள்ளலாம்.