முதுகுப் பை வைத்த நைட்டி

"முதுகிலேயா பை? கையே எட்டாதே மோளே. அதுல என்னத்தைப் போடப் போறே?"

"கொட்டைப்பாக்கு."

தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த ஜெயபாயின் கால் நின்றது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஆர்யாவைப் பார்த்தாள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம் சந்து வழியாகக் கடைக்குள் வந்துபோனது.

"கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாளு. இப்ப வெளையாட்டாக்கும்?"

ஆர்யா விளையாடவில்லை. இரண்டு வருஷமாக அவளை அமுக்குவான் பிடித்துவந்தது. விடியும்போது விழிப்பு வந்துவிடும். சுற்றுகிற ஃபேன் தெரியும், அடுக்களையில் அம்மா பேசுவது கேட்கும், உடம்பு மட்டும் கட்டிப்போட்ட மூட்டையாகக் கிடக்கும். நெஞ்சின் மேல் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி பாரம். அம்மா தலையணைக்கடியில் வெட்டுக்கத்தி வைத்துப் பார்த்தாள். அமுக்குவான் அதற்கெல்லாம் மசியவில்லை. கடைசியில் ஒரு டாக்டர்தான், இது பேயுமில்லை பெரிய நோயுமில்லை, மல்லாந்து படுக்காதே, தினமும் ஒரே நேரத்துக்குத் தூங்கு என்றார். ஆர்யா தன் பங்குக்கு ராத்திரிக் காப்பியை விட்டாள். சிட்டிகை ஜாதிக்காய்த் தூள் போட்ட பாலுக்கு மாறினாள். இடுப்பில் தோர்த்துத் துண்டைக் கட்டி, பின்பக்க முடிச்சில் ஒரு கொட்டைப்பாக்கை வைத்துக்கொண்டாள். மல்லாந்தால் குத்தும், உடம்பு தானே ஒருக்களித்துவிடும். ஏழு வாரமாக அமுக்குவான் எட்டிப்பார்க்கவில்லை.

ஆனால் இடுப்பில் தோர்த்தோடா புருஷன் வீட்டில் போய்ப் படுப்பது? அதனால்தான் கல்யாணத்துக்குத் தைக்கும் ஆறு நைட்டியிலும் முதுகில் பை. அதுவும் அந்த வீட்டுக்குத் தெரியாமல். பெண்ணைப் பேய் அமுக்குகிறது என்று ஒரு வாய் சொன்னால் போதும், பந்தல்காரன் கூட வரமாட்டான்.

"ஒருத்தர்ட்டயும் சொல்லப்பிடாது அக்கா."

"என் நாக்கைத் தச்சு வச்சாச்சு. நீ போ."

சனிக்கிழமை அவள் துணி வாங்க வந்தபோது கடைவாசலில் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி ஜெயகுமார் நின்றிருந்தான். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். உள்ளே, பிளவுஸ் அளவு கொடுக்க வந்த அவன் அக்கா விஜயம், ஆர்யாவின் நைட்டியை விரித்துப் பிடித்திருந்தாள். ஜெயபாய் சும்மா தைத்திருக்கவில்லை. கல்யாணத் துணி மொட்டையாகப் போகக் கூடாதென்று ஆறு நைட்டியிலும் பைக்கு ஒரு மயில் போட்டிருந்தாள். பச்சை நூலில், தோகையோடு.

ஆர்யாவின் கால் வாசற்படியிலேயே ஒட்டிக்கொண்டது.

"பம்பாயில இப்ப இதாக்கும் ஃபேஷன்," என்றாள் ஜெயபாய், யார் முகத்தையும் பார்க்காமல்.

"ஆளு கொள்ளாமே பிள்ளே, கெட்டிக்காரிதான்," என்று விஜயம் ஆர்யாவின் கன்னத்தைக் கிள்ளினாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நானும் ரெண்டு தைக்கக் குடுத்தாச்சு. மயில் வேண்டாம்னேன். எனக்கு அன்னம்."

"மைனி, அந்தப் பையில என்ன போடுவிய?"

"ஃபேஷனுக்கு யாராவது காரணம் கேப்பாவளா?"

ஆர்யாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்கக் கண்ணில் நீர் முட்டியது. மைனிக்கு அன்னம், தனக்கு ஆறு மயில். இத்தனை பறவைகளையும் ஆயுசு முழுக்க ஒரு பொய்யை வைத்து மேய்க்க முடியுமா? சிரித்து முடித்தபோது பயத்தைக் காணோம். அவள் வெளியே வந்தாள்.

"உள்ள என்ன அப்படிச் சிரிப்பு?" என்றான் ஜெயகுமார்.

சொன்னாள். அமுக்குவான், வெட்டுக்கத்தி, ஜாதிக்காய், ஒன்றும் விடவில்லை. அவன் சாவியை விரலில் சுற்றியபடி கேட்டான். கதை கொட்டைப்பாக்குக்கு வந்ததும் சாவி சுற்றுவது நின்றது.

"நெசமாட்டா?"

"நெசமாட்டுதான்."

"அப்ப எங்க அக்காவுக்கு அன்னம்?"

"அதை நீங்களே சொல்லுங்க."

அவன் சிரித்த சிரிப்பில் எதிர்ப் பூக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினான். "இனி வராதுல்ல?"

"புது வீடு, கல்யாண அலைச்சல். தூக்கம் கெட்டா ஒரு நாள் வந்தாலும் வரும். கண்ணு தெறந்திருக்கும், பேச்சு வராது. பயப்பட வேண்டாம், யாராவது தொட்டு அசைச்சா விட்டுரும். தண்ணி தெளிக்க வேண்டாம், மைனியைக் கூப்பிட வேண்டாம்." ஆர்யா தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னாள். "என் கால் சுண்டுவிரலை மட்டும் பிடிச்சு, மெள்ள ஆட்டி விடுவியளா?"